மாப்பிள்ளை கையில் கட்டும் வாட்ச்

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததே, அந்த வருடம். வருடம் பிறக்கும்போது வளைகுடாவில் சண்டை நடந்து, நாம் மண்ணெண்ணெய்க்கு டின்னை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். வருடம் முடிகிற நேரத்தில் காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூர் பற்றிக்கொண்டது. எனக்கு வருடத்தை எண்ணாகச் சொல்ல வராது, அதனால் இப்படித்தான் சொல்கிறேன். தேவி அதை எண்ணாக எழுதட்டுமா என்று கேட்கிறாள், வேண்டாம் என்றேன். அந்த வருடத்துக் கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில்தான் உன் செல்வம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. உனக்கு அப்போது உடம்பெல்லாம் அம்மை வார்த்திருந்தது. வேப்பிலையின் மேல் நீ படுத்திருந்தாய், உன் அம்மா உன் பக்கத்தை விட்டு நகரவில்லை. அதனால் நம் வீட்டிலிருந்து அந்தக் கல்யாணத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். அன்று நடந்ததை உனக்கு யாரும் சொன்னதில்லை. சித்தப்பாவும் சொல்லவில்லை, சித்தியும் சொல்லவில்லை. நானும் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஹைதராபாத்திலிருந்து ஃபோன் செய்தாய். "பொண்ணு வீட்ல மூணு வாட்ச் ஃபோட்டோ அனுப்பியிருக்காங்கப்பா, எது நல்லாருக்குன்னு பாத்துச் சொல்லு. கட்டிவிட அவங்க வீட்ல பசங்க யாரும் இல்ல. நானே ரூம்ல கட்டிக்கினு வெளிய வந்துடறேன், விடு" என்றாய். நான் ஃபோனைத் தேவியிடம் கொடுத்துவிட்டேன். நீ கோபித்துக்கொண்டதாக அவள் சொன்னாள். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயமாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போகிறது என்று உன் மாமனார் ஆள் அனுப்பியிருக்கிறார். அதற்குள் நீ ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதனால்தான் இரண்டு நாளாக உன் தங்கையை உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் பேசுகிறபடியே எழுது என்றால், "அப்படி எழுதினா அண்ணன் படிக்கவே மாட்டான், நான் ஒழுங்கா எழுதறேன், நீ சும்மா சொல்லு" என்கிறாள்.

தேவி பிரௌசிங் சென்டரில் அந்தப் படங்களைக் காகிதத்தில் எடுத்து வந்து காட்டினாள். ஒன்று கறுப்பு முகம், ஊறுகாய் பாட்டில் மூடி அளவுக்கு இருக்கிறது. இன்னொன்று தங்க நிறம், செயினும் தங்க நிறம். மூன்றாவது வெள்ளை முகம், தோல் வார், எண்களுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கோடுகள். எண் இல்லாதது எனக்கு ஒரு குறையே இல்லை. எண் இருந்தாலும் நான் முள் நிற்கிற இடத்தை வைத்துத்தான் மணி சொல்கிறவன். ஆனால் மூன்று படத்திலும் முள் ஒரே இடத்தில் நிற்கிறது. சின்ன முள் பத்தில், பெரிய முள் இரண்டில். கடையில் இருக்கிற வாட்சுக்கெல்லாம் அதுதான் மணி, பத்து பத்து. பார்த்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என்னப்பா என்று தேவி கேட்டாள். ஒன்றுமில்லை, தண்ணீர் கொண்டா என்றேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும், ஆனால் நீ அதை முழுசாகப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வெறுங்கையோடு வர வேண்டும். பெண்ணின் அண்ணனோ தம்பியோ மண்டப வாசலில் நின்று, புது வாட்சை மாப்பிள்ளையின் இடது கையில் கட்டி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுபோய் மணையில் உட்கார வைப்பான். அதற்கு முன்னால் அந்த வாட்ச் மாப்பிள்ளையின் கையில் ஒரு தடவைகூட ஏறியிருக்கக் கூடாது. கடையில் போட்டுப் பார்ப்பதற்கும் விடமாட்டார்கள். மணையில் தோல் படக் கூடாது என்பார்கள், அதனால் தோல் வாரும் கிடையாது, செயின்தான். இப்போது யோசித்துப் பார். செயின் என்றால் கைக்குத் தகுந்தபடி கண்ணி கழற்ற வேண்டும். ஆனால் அந்தக் கை கடைக்கு வரக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் தலையெழுத்து மாட்டிக்கொண்டது.

பெண் பொம்மனஹள்ளி, வசந்தா. அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன் ஒருவர், கார்மென்ட்ஸில் கட்டிங் மாஸ்டர். உனக்கு மாமா முறை ஆகிறது, எனக்கு மச்சான். என் இப்போதைய வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் அவருக்கு அப்போது. எதையும் அளந்து செய்கிற ஆள். மாப்பிள்ளையின் கை அளவு வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் பெயின்ட் வேலையில் சுவருக்குக் கோடு அடிக்கிற நூலை எடுத்துப்போய், வேலை முடிந்து வந்த செல்வத்தின் மணிக்கட்டைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், சட்டைக்கு மேலேயே அளந்துவிட்டேன். சுவருக்கு அந்த அளவு போதும். மச்சான் அந்த நூலை வைத்துக்கொண்டு சிவாஜி நகரில் ஒரு பாய் கடையில் வாட்சை எடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். கடையில் இருந்ததிலேயே கனமான செயினாகப் பார்த்து எடுத்தோம். கனமாக இருந்தால்தான் நாலு பேர் கண்ணுக்குத் தெரியும் என்று நான்தான் சொன்னேன். அதனால் உனக்கு நான் சொல்லும் முதல் புத்தி இதுதான்: போய்க் கையில் போட்டுப் பார்த்து எடு. உன் கைக்குச் சேர்ந்தால் போதும், நாலு பேர் கண்ணுக்குச் சேர வேண்டாம். யாராவது வழக்கம் என்று பேசினால் அப்பா சொன்னார் என்று சொல்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே பெண் வீட்டார் டெம்போவில் வந்து இறங்கிவிட்டார்கள். மண்டபம் நம் விவேக் நகர் கோடியில், சின்னதுதான். அதைப் பார்த்துக்கொண்டவர் நஞ்சப்பா என்கிற கன்னடக்காரர். மத்தியானம் செல்வத்துக்கு நலங்கு வைத்தார்கள். பனியனோடு உட்கார்ந்து கையை நீட்டியபோது மச்சான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மாமா, இது அந்த நூல் கை இல்லியே" என்றார். செயினைக் கட்டினால் அது முழங்கை வரைக்கும் ஏறும் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர் வெறும் மணிக்கட்டை மறுபடி நூலால் அளந்துகொண்டு, வாட்சோடு அப்படியே பஸ் ஏறிச் சிவாஜி நகர் போனார். பாய் சாயங்காலம் வா, கழற்றிவைக்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் காவிரிக் கலாட்டா மூண்டு ஊர் மாறிவிட்டது. ஷட்டர்கள் இறங்கின, பஸ் நின்றது. மச்சான் வெறுங்கையோடு சந்து சந்தாக நடந்து திரும்பி வந்தார். ஓசூர் ரோட்டில் வண்டிகள் எரிகின்றன என்றார். நஞ்சப்பா வாசல் கேட்டைச் சாத்திவிட்டு, நாற்காலியைப் போட்டு உள்பக்கம் உட்கார்ந்தார். "யாரும் பயப்படாதீங்க, நானு இதீனி" என்றார், நான் இருக்கிறேன் என்று. ஆனால் அவர் கையில் ஒரு கட்டை இருந்தது.

டெம்போவின் முன்கண்ணாடி மேல் 'முருகன் துணை' என்று தமிழில் எழுதியிருந்தது. அது வாசலிலேயே நின்றது. மண்டபத்துக்குள் தமிழர் கூட்டம் இருக்கிறது என்று சொல்ல வேறு போர்டு வேண்டாம். டிரைவர் என்னைப் பார்த்தான். நான் சிவப்பு வர்ணத்தை எடுத்துப்போய் அதை மூடினேன். எனக்கு எழுத்து தெரியாதல்லவா, எது எழுத்து, எது அலங்காரம் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த வேலையும் மயிலையும் சேர்த்து மூடிவிட்டேன். "வேலை ஏன்ணா மூடின, அது கன்னடத்துலயும் வேல்தானே" என்று டிரைவர் கேட்டான். அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். நாதஸ்வரக்காரர்களிடம் நாளைக்கு வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பாட்டு செட்டைக் கழற்றி வைத்துவிட்டோம்.

மறுநாள் விடிந்ததும் பேச்சு இதுதான்: வாட்ச் இல்லை, என்ன செய்வது. தள்ளிப்போட முடியாது, மார்கழி பிறந்துவிட்டால் தை வரைக்கும் கல்யாணம் கிடையாது. வாட்ச் இல்லாமல் நடத்தலாம் என்று எல்லாரும் நினைத்தோம், பட்லர் பெரியப்பா ஒருவரைத் தவிர. என் அப்பாவின் அண்ணன் அவர், காக்ஸ் டவுனில் ஒரு பங்களாவில் பட்லராக இருந்து ஓய்ந்தவர். நம் வீட்டில் நல்லது கெட்டதற்கெல்லாம் அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "வாட்ச் கட்டாத மாப்பிள்ளைய மணையில உக்கார வச்சா அது தாலி கட்டின கணக்குல வராது. பொண்ணு வீட்டுக்காரன் கையில ஒண்ணுமில்லாம வந்துட்டு, கலாட்டா மேல பழி போட்டா சரியாப் போச்சா?" என்றார். யாரோ தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றிக் கொடுத்தார்கள். "எவனோ போட்டு வேர்த்த வாட்ச், அது எதுக்கு" என்றார்.  மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "பாய் கடைக்கு மேலதான் குடியிருக்கார். நான் போயிட்டு வந்துடறேன் மாமா" என்றார். நானும் வரேன் என்றேன். நான் வர்ண வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டேன், வேலைக்குப் போகிறவன் மாதிரி இருக்கட்டும் என்று. "இன்னிக்கு எவன் வீட்டுக்கு மாமா பெயின்ட் அடிக்கப் போற? வச்சிட்டு வா" என்றார். நஞ்சப்பா கேட்டைத் திறந்துவிட்டு, பெரிய ரோடு வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

எரிந்த ரப்பர் வாடையும் குளிர்காலப் பனியும் சேர்ந்து தெருவில் புகை எது, பனி எது என்று தெரியவில்லை. ஆஸ்டின் டவுன் வழியாக நடந்தோம். பேச வேண்டியிருந்தால் கன்னடத்தில் பேச வேண்டும் என்று மச்சான் முதலிலேயே சொல்லிவிட்டார், அதனால் பேசவே இல்லை. அவருடைய கன்னடம் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பேசுகிற கன்னடம். நானும் இங்கேயே பிறந்தவன்தான், ஆனால் நான் வாயைத் திறந்தால் தமிழ் முன்னால் வந்து நிற்கும். சிவாஜி நகரில் பாய் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "க்யா ரே, பைத்தியமா உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி உள்ளே குனிந்து போய் வாட்சை எடுத்து வந்தார். "செல் வீணாகக் கூடாதுன்னு பக்கத்துத் திருக வெளிய இழுத்து வச்சிருக்கேன். கட்டறப்போ அமுக்கு, அப்பதான் ஓடும்" என்றார். மச்சான் சரி பாய் என்றார். அவர் காதில் அது விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். வாட்சைச் சட்டைப் பையில் போட்டார், பிறகு எடுத்துத் தன் கையிலேயே கட்டிக்கொண்டார். "பையில இருந்தா தடவிப் பாப்பான். கையில இருந்தா என்னுதுன்னு விட்டுடுவான்" என்றார். செல்வத்தின் கைக்குக் கழற்றிய செயின், அவருக்கு இறுக்கம். சதையில் பதிந்துகொண்டு இருந்தது.

திரும்பும்போது ரிச்மண்ட் டவுன் பக்கம் ஒரு திருப்பத்தில் டயர் எரிந்துகொண்டிருந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர். திரும்பி ஓடினால் துரத்துவார்கள், அதனால் நடந்தோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். வேலைக்குப் போனோம், இன்று லீவு என்றார்கள், திரும்பிப் போகிறோம் என்று மச்சான் கன்னடத்தில் சொன்னார். நன்றாகவே சொன்னார். அவர்களில் வயதானவன் ஒருவன், மஃப்ளர் சுற்றியவன், என்னைக் காட்டி இவன் ஏன் பேசவில்லை என்று கேட்டான். "ஹல்லு நோவு சார்" என்றார் மச்சான், பல் வலியாம். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். விட்டுவிடுவார்கள் போலத்தான் இருந்தது. அப்போது அந்த மஃப்ளர்காரன் கண் மச்சானின் கைக்குப் போனது. "டைம் எஷ்டாயிது?" என்று கேட்டான்.

மச்சான் கையைத் திருப்பிப் பார்த்தார். பயத்தில் இருக்கிறவனுக்குக் கண் முன்னால் இருப்பதுதான் உண்மை. பார்த்ததை அப்படியே சொன்னார். "ஹத்து கண்டெ ஹத்து நிமிஷ சார்." பத்து மணி பத்து நிமிடம். சூரியன் அப்போதுதான் வீடுகளின் தலைக்கு வந்திருந்தது. எட்டுகூட ஆகியிருக்காது.  மஃப்ளர்காரன் தன் வாட்சைப் பார்த்தான். பிறகு மச்சானின் கையைப் பிடித்துத் தூக்கி அந்த வாட்சைப் பார்த்தான். கடையிலிருந்து வந்த பளபளப்பு, ஓடாத முள். "கத்த மாலு குரூ" என்றான் அந்தப் பையன். திருட்டுச் சரக்கு என்று அர்த்தம். நேற்று சாயங்காலம் கடைகளை உடைத்து எடுத்தவர்களே நம்மைத் திருடன் என்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைக் கன்னத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒருவன் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் கையில் என்ன இருந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மச்சான் உண்மையைச் சொல்லிவிட்டார். இது மதுவே வாச்சு சார், கல்யாண வாட்ச், இன்று என் தங்கைக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்குக் கட்ட வேண்டும் என்று.  "இவத்தா? ஈ கலாட்டேலா?" என்றான் மஃப்ளர்காரன். இன்றைக்கா, இந்தக் கலாட்டாவிலா. அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கழற்று என்று கையால் காட்டினான். மச்சான் கழற்றிக் கொடுத்தார். போனது என்றுதான் நினைத்தேன். அவன் வாட்சைத் திருப்பி, தன் வாட்சைப் பார்த்து, பக்கத்துத் திருகைச் சுற்றி முள்ளை நகர்த்தினான். நகர்த்தி அமுக்கினான். காதில் வைத்துக் கேட்டான். நாங்கள் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு அந்த நிமிடத்தில் தெரிந்தது. அவன் வாட்சை நீட்டினான், மச்சான் கையை நீட்டினார், நடுவில் ஒரு போலீஸ் ஜீப் சத்தம். எல்லாரும் சிதறி ஓடினார்கள். வாட்ச் இரண்டு கைக்கும் இல்லாமல் கல் மேல் குப்புற விழுந்தது. மச்சான் அதை எடுத்தார். கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். "ஓடுது மாமா" என்றார். 

கேட்டைத் திறந்த நஞ்சப்பா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தார். முகூர்த்தம் தொடங்கியிருந்தது. செல்வம் பட்டு வேட்டியோடு மண்டப வாசலில் வந்து நின்றான், கையை நீட்டினான். மச்சான் வாட்சை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். பெரியப்பா கோலை ஊன்றிக்கொண்டு நடுவில் வந்து குனிந்து பார்த்தார். "கண்ணாடி உடஞ்சிருக்குது" என்றார். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "நீ வாய மூடு. உடஞ்ச கண்ணாடிய மாப்பிள்ளை கையில கட்டறதா? வாட்சு நின்னா குடும்பம் நிக்கும். இதுக்கு வாட்சே இல்லாம இருந்திருக்கலாம்" என்றார். காலையில் வாட்ச் இல்லாமல் ஆகாது என்று சொன்ன அதே வாய். செல்வம் பெரியப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை, அது உனக்கே தெரியும். பெரியவர் சொன்னால் கேட்டுப் பழகிய கை அது. மச்சான் அப்படியே நின்றார். அவருடைய மணிக்கட்டில் அந்த இறுக்கமான செயினின் தடம் சிவப்பாக இன்னும் இருந்தது. ஐயர் நேரமாகிறது என்றார். யாரும் நகரவில்லை.

பெண் அறைக் கதவு திறந்தது. உன் வசந்தா சித்தி, கல்யாணப் புடவையோடு, யாரும் கூப்பிடாமல் வாசலுக்கு வந்தாள். மணப்பெண் அப்படி வந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெரியப்பாவிடம் நேராகப் பேசினாள். "பெரியவரே, எங்கண்ணன் உசுரக் கையில புடிச்சினு போயி வாங்கினு வந்திருக்குது. மண்டை உடஞ்சி வந்திருந்தா ஏத்துக்கினு இருப்பீங்க. கண்ணாடி உடஞ்சதுக்கு இவ்ளோ பேச்சா?" பிறகு செல்வத்தைப் பார்த்தாள். "அது கையில இருக்கற வாட்ச நீங்க கட்டிக்கினாதான் நான் மணைக்கு வருவேன். இல்லாட்டி இப்பிடியே நடந்து பொம்மனஹள்ளிக்குப் போயிடுறேன். ரோட்ல எது எரிஞ்சாலும் சரி." குரலை உயர்த்தவே இல்லை. வெளியில் சத்தம் கேட்கக் கூடாது என்று எல்லாருமே தாழ்ந்த குரலில்தான் பேசினோம், அவளும்தான். செல்வம் கையை மறுபடியும் நீட்டினான். மச்சான் கட்டினார். பூட்டு இரண்டு முறை நழுவியது. மணைக்குக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தார். மேளம் இல்லை, நாதஸ்வரம் இல்லை. தாலி கட்டுகிற நேரத்தில் தவுல்காரர் மேளத்தைத் தொடாமல் தன் தொடையில் விரலால் தட்டினார். அதுதான் கெட்டிமேளம்.

பந்தியில் மச்சான் உட்காரவில்லை. ஊரில் எங்கும் போக முடியாத நாள், அதனால் கேட்டுக்குப் பக்கத்தில் நஞ்சப்பாவோடு போய் உட்கார்ந்தார். நஞ்சப்பா வீட்டிலிருந்து ராகி முத்தை, அதுதான் கேழ்வரகுக் களி உருண்டை, வந்தது, அதை இருவரும் சாப்பிட்டார்கள். நம் வீட்டு இலையில் ஒரு பருக்கை தொடவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். "பசி இல்ல மாமா" என்றார், வாயில் முத்தையை வைத்துக்கொண்டே. அத்தோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. செல்வத்துக்கும் வசந்தாவுக்கும் குழந்தை தங்கவில்லை, உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் பெரியப்பா நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, விரிசல் விட்ட வாட்சைக் கட்டிவிட்டுப் போனான், பார் என்று சொல்வார். அது ஓசூருக்குப் போய் வீடு கட்டிக்கொண்ட மச்சானின் காது வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நம் வீட்டுப் படியை அவர் அதன் பிறகு மிதிக்கவில்லை. வசந்தாதான் அண்ணனைப் பார்க்க ஓசூர் போய்வருவாள். செல்வம் அந்த வாட்சைக் கழற்றியதே இல்லை, கண்ணாடியையும் மாற்றவில்லை. மாற்றலாமே என்று ஒரு தடவை கேட்டேன். அவள் விட மாட்டாள் என்றான். அவன் செத்தபோது கையிலிருந்து கழற்றப் போனார்கள், அதற்கும் வசந்தா விடவில்லை. அவனோடு மண்ணுக்குள் போய்விட்டது. அன்று மச்சான் வந்து தெருவில் சுவர் ஓரமாக நின்றார். தூக்கும்போது முன்கட்டையில் தோள் கொடுத்தார். அடக்கம் ஆனதும் யாரிடமும் பேசாமல் பஸ் ஏறிவிட்டார்.

இதையெல்லாம் கேட்டு, "பழைய சண்டைக்கும் என் வாட்சுக்கும் என்னப்பா" என்று நீ கேட்பாய். தேவியும் எழுதுவதை நிறுத்திவிட்டு அதைத்தான் கேட்டாள். வாட்ச் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். அந்த வெள்ளை முகத்தை எடு, தோல் வாரோடு எடு, பெரியப்பா இருந்தால் கத்தியிருப்பார், இப்போது கத்த ஆள் இல்லை. முள் ஓடுகிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடு. ஆனால் அறைக்குள் நீயே கட்டிக்கொண்டு வெளியே வருகிறேன் என்றாயே, அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். உன் மாமனாருக்கு மூன்றும் பெண்கள். வாசலில் வந்து நிற்க அவர்களுக்கு ஆள் இல்லை என்றால், அந்த இடத்தில் நிற்பதற்கு நம் வீட்டுக்குப் பெண் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அன்றைக்குக் கையை நீட்டி இழுத்துக்கொண்டோமே, அந்தக் கை நம் வீட்டுக் கை. உன் மாமனாரிடம் நானே பேசிவிட்டேன், அவர் சரி என்றார். நான் ஓசூர் போனால் அவர் வர மாட்டார். பசி இல்லை மாமா என்று சொல்லி அனுப்பிவிடுவார். நீ போக வேண்டும். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஹைதராபாத்திலிருந்து நேராக அங்கே போ, இங்கே வந்துவிட்டுப் போகாதே. வெறுங்கையோடு போய் நில். வர மாட்டேன் என்று சொன்னால் வாக்குவாதம் செய்யாதே, நீட்டிய கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றுகொண்டே இரு. உள்ளே உட்காரச் சொன்னால் உட்கார்ந்து சாப்பிடு, என்ன போட்டாலும் சாப்பிடு. அவர் வராவிட்டால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதே, எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை.

அவர் வருவதாக இருந்தால் திங்கட்கிழமைக்குள் பத்திரிகைக்குச் சொல்ல வேண்டும், பெண் வீட்டுப் பக்கத்தில் பெயர் போட வேண்டும். உனக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது, நம் வீட்டில் யாரும் அதை உரக்கச் சொன்னதில்லை. பட்லர் பெரியப்பா போய்விட்டார். கேட்டில் கட்டையோடு உட்கார்ந்திருந்த நஞ்சப்பா போய்விட்டார். செல்வம் போனான். போன ஆடியில் வசந்தாவும் போய்விட்டாள். அன்று அந்த மண்டப வாசலில் நின்றவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். தேவி, அவர் பெயரைப் பிழை இல்லாமல் எழுது. முனிரத்தினம்.